‘மெயில் அனுப்பிட்டோமே!’: ஸ்பேமுக்குப் போன கடிதத்துக்கு யார் பொறுப்பு?

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே போகிற ஒரு மலைக் கிராமம். அங்கே பிளஸ் டூ முடித்த ஒரு மாணவியை நினைத்துக்கொள்வோம். கீழே சமவெளியில் உள்ள ஒரு கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கிறார். படிவத்தில் ‘மின்னஞ்சல் முகவரி’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. பிரவுசிங் சென்டர் அண்ணனே ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து, பாஸ்வேர்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறார்.

சில வாரங்கள் கழித்து கல்லூரி ஒரு மெயில் அனுப்புகிறது. ‘இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அசல் சான்றிதழ்களுடன் திங்கள்கிழமைக்குள் வரவும்.’ மெயில் கல்லூரியின் சர்வரை விட்டுக் கிளம்பியது, கூகுளின் சர்வருக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் விழுந்த இடம் ஸ்பேம் பெட்டி. ஸ்பேமில் விழுகிற மெயிலுக்கு போன் ‘டிங்’ என்று ஒலிக்காது. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வந்து இன்பாக்ஸை இரண்டு முறை திறந்து பார்த்த மாணவிக்கு எதுவும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை கல்லூரிக்குப் போன் போட்டால் கிடைக்கும் பதில்: “மெயில் அனுப்பிட்டோமேம்மா, நீ பார்க்கலையா?”

இந்த மாணவி ஒரு கற்பனைப் பாத்திரம். ஆனால் இந்த உரையாடலை ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்காதவர்கள் குறைவு. வேலைக்கான அழைப்பு, வங்கிக் கடிதம், தேர்வு மையம் மாறிய தகவல், சாமை வாங்க ஆள் தேடும் உழவர் குழுவுக்கு வந்த ஆர்டர்... எல்லாமே ‘அனுப்பிட்டோம்’, ‘வரலையே’ என்ற இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே தொலைகின்றன. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. நடுவில் ஒரு இயந்திரம் முடிவெடுத்திருக்கிறது. அந்த முடிவை அது இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

சட்டம் யார் பக்கம்?

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 13-வது பிரிவு, ஒரு மின்னணுக் கடிதம் எப்போது ‘பெறப்பட்டதாக’ ஆகிறது என்று சொல்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருக்காவிட்டால், பெறுபவர் இதற்கென்று குறிப்பிட்டுக் கொடுத்த கணினி அமைப்புக்குள் அது நுழைந்த நேரமே பெற்ற நேரம். அவர் திறந்து படித்தாரா என்பது கணக்கில் இல்லை.

படிவத்தில் மின்னஞ்சல் முகவரி எழுதுவதையே அப்படி ‘குறிப்பிட்டுக் கொடுப்பது’ என்று வாதிட முடியும். ஸ்பேம் பெட்டியும் அதே கணக்குக்குள்தான் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் நம் மாணவிக்குக் கடிதம் ‘கிடைத்துவிட்டது’.

இது கல்லூரியோடு நிற்கிற விஷயமில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 169-வது பிரிவு, நோட்டீஸ் கொடுக்கும் வழிகளில் ஒன்றாகப் பதிவு செய்த மின்னஞ்சலை ஏற்றுக்கொள்கிறது. வருமான வரித் துறையும் மெயிலில் நோட்டீஸ் அனுப்புகிறது. தேசியத் தேர்வு முகமை தன் விண்ணப்பதாரர்களிடம், எல்லாத் தகவலும் அங்கேதான் வரும் என்பதால் சொந்த முகவரி அல்லது பெற்றோரின் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும் என்கிறது. பிரவுசிங் சென்டர்காரரின் முகவரியைப் போட்டுவிட்டு, அவர் கடையை மூடிவிட்டுப் போன பிறகு தவிப்பவர்களை நினைத்தால் அந்த அறிவுரை நியாயமானதுதான். ஆனால் சொந்த முகவரி இருந்தாலும் ஸ்பேம் பெட்டி இருக்கிறதே!

ஒரு இடத்தில் மட்டும் உச்ச நீதிமன்றம் கறாராக நின்றது. குற்ற வழக்கில் விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப் போன்ற மின்னணு வழிகளில் அனுப்பி முடித்துக்கொள்ளக் கூடாது, சட்டம் சொல்லும் முறையில் நேரில் சேர்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. ஒருவரின் சுதந்திரம் பறிபோகக்கூடிய இடத்தில் ‘அனுப்பிட்டோம்’ என்பது போதாது என்பதுதான் அதன் சாரம். ஒரு கல்லூரி இடம் பறிபோவது அந்த அளவுக்குப் பெரிதில்லை என்று சொல்லலாம். அந்த மாணவியின் வீட்டில் போய்ச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

சர்வர் என்ன பேசுகிறது?

ஒரு மெயில் வரும்போது இரண்டு சர்வர்கள் கிட்டத்தட்ட மனிதர்களைப் போலவே பேசிக்கொள்கின்றன. அனுப்பும் சர்வர் கதவைத் தட்டி ‘வணக்கம், நான் இன்னார்’ என்கிறது. ‘இவரிடமிருந்து இவருக்கு ஒரு கடிதம்’ என்கிறது. பெறும் சர்வர் எண்களில் பதில் சொல்கிறது. 250 என்றால் சரி, வாங்கிக்கொண்டேன். 4-ல் தொடங்கும் எண் என்றால் இப்போது முடியாது, அப்புறம் வா. 550 என்றால் வாங்க மாட்டேன், திரும்பிப் போ.

இந்த நடைமுறையை 1982-ல் ஜான் போஸ்டல் எழுதி வைத்தார். மின்னஞ்சல் உலகம் இன்றும் அதன் மேல்தான் ஓடுகிறது. அதில் நாகரிகமான ஒரு விதி இருக்கிறது. 250 என்று சொல்லிவிட்ட சர்வர், அந்தக் கடிதத்துக்குப் பொறுப்பேற்கிறது. ஒன்று கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் சேர்க்க முடியவில்லை என்று அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பழைய தபால்காரரின் நேர்மை அது. ஆள் இல்லையென்றால் உறையின் மேல் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். புதரில் போட்டுவிட்டுப் போக மாட்டார்.

ஸ்பேம் வந்து இந்த நாகரிகத்தைக் கெடுத்தது. 1978 மே மாதத்தில், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க், புதிய கணினிகளுக்கான விளம்பரத்தை அர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பினார். உலகின் முதல் ஸ்பேம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இன்றைய நிலை? 2023-ல் உலக மின்னஞ்சல் போக்குவரத்தில் 45.6 சதவீதம் ஸ்பேம் என்றது காஸ்பர்ஸ்கி நிறுவனம். ஒரு நாளைக்குச் சுமார் 1,500 கோடி வேண்டாத மெயில்களைத் தடுப்பதாக ஜிமெயில் சொல்கிறது. ஸ்பேம் தடுப்பே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அது இல்லாவிட்டால் ஜிமெயிலை ஒரு நாள்கூடத் திறக்க முடியாது.

திருப்பி அனுப்பவும் முடியாத நிலை வந்தது. ஸ்பேம் அனுப்புபவர்கள் அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போடுவார்கள். வாங்கிவிட்டுப் பிறகு ‘சேரவில்லை’ என்று பதில் அனுப்பினால், அது சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருக்குப் போகும். அதனால் சர்வர்கள் மெல்ல மெல்ல வாயை மூடிக்கொள்ளப் பழகின. வாங்கிக்கொண்டு ஸ்பேமில் போடுவது, அல்லது வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழித்துவிடுவது. இந்த இரண்டிலும் அனுப்பியவர் பார்ப்பது 250 மட்டும்தான். அவருக்கு எல்லாம் சரி.

வாசலிலேயே 550 சொல்லித் திருப்பி அனுப்பும் சர்வர்தான் உண்மையில் நல்ல சர்வர். கேட்க முரட்டுத்தனமாகத் தெரியும். ஆனால் அனுப்பியவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது, அவர் போனை எடுக்கலாம்.

கடிதத்தைப் பார்ப்பதில்லை, தெருவைப் பார்க்கிறது

ஸ்பேம் தடுப்பு என்றாலே ‘லாட்டரி’, ‘இலவசம்’ மாதிரியான வார்த்தைகளைத் தேடும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு பகுதிதான். அதற்கு முன்பே பெரிய தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. கடிதம் எந்த ஐபி முகவரியிலிருந்து வருகிறது? அந்த முகவரியின் பெயர் எப்படி?

1997-ல் அமெரிக்க இணைய வல்லுநர் பால் விக்சியும் அவரது கூட்டாளிகளும் ஸ்பேம் அனுப்பும் ஐபி முகவரிகளின் பட்டியலை வெளியிடத் தொடங்கினார்கள். 1998-ல் லண்டனில் ஸ்டீவ் லின்ஃபோர்டு தொடங்கிய ஸ்பேம்ஹவுஸ், இன்று இத்தகைய பட்டியல்களில் செல்வாக்கு மிகுந்தது. கடிதம் வந்ததும் பெறும் சர்வர் இந்தப் பட்டியலைப் பார்க்கிறது. பெயர் இருந்தால் கதவு மூடப்படும்.

கெட்டவர் பட்டியல் வைப்பது சரிதான். ஆனால் மலிவு விலை ஹோஸ்டிங்கில் ஒரே ஐபி முகவரியில் நூற்றுக்கணக்கான இணையதளங்கள் குடியிருக்கின்றன. அதில் ஒருவர் ஹேக் செய்யப்பட்டு ஸ்பேம் அனுப்பினால், அதே முகவரியில் இருக்கும் பள்ளிக்கூடமும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும், சின்னக் கல்லூரியும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் திருடன் பிடிபட்டான் என்பதற்காகத் தெருவுக்கே தபால் நின்ற கதை. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவழிக்கும் நிறுவனத்துக்குத் தனி ஐபி முகவரி எங்கே கிடைக்கும்?

இதில் இந்தியாவுக்குப் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 2012-ன் முதல் மூன்று மாதங்களில் உலகில் மிக அதிகமாக ஸ்பேமைக் கடத்திய நாடு இந்தியா என்றது சோஃபோஸ் நிறுவனத்தின் கணக்கு. உலக ஸ்பேமில் 9.3 சதவீதம், அமெரிக்காவையே முந்தியாயிற்று. இங்கே உட்கார்ந்து யாரும் அத்தனை விளம்பரம் எழுதவில்லை. வைரஸ் புகுந்த வீட்டுக் கணினிகள், உரிமையாளருக்கே தெரியாமல் இரவும் பகலும் அனுப்பிக்கொண்டிருந்தன. அதன் விளைவைச் சொந்தமாக மெயில் சர்வர் வைக்க முயன்ற சின்ன அலுவலகங்கள் அனுபவித்தன. வீட்டு பிராட்பேண்ட் இணைப்பின் ஐபி முகவரிகளை, ‘இங்கிருந்து நேரடியாக மெயில் வரக் கூடாது’ என்று மொத்தமாகக் குறித்து வைக்கும் பட்டியலே தனியாக இருக்கிறது. அந்த அலுவலகம் தப்பு செய்திருக்க வேண்டியதில்லை. இணைப்பின் வகையே போதும்.

இந்தக் காரணங்களால் பலரும் சொந்த சர்வரை மூடிவிட்டு கூகுள், மைக்ரோசாஃப்ட், ஸோஹோ என்று பெரிய வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆனால் பெரிய வீட்டிலும் பாதுகாப்பு நூறு சதவீதம் இல்லை என்று காட்டியது 2018 செப்டம்பர் 24.

ஸோஹோவே காணாமல் போன நாள்

அன்று சென்னையைச் சேர்ந்த ஸோஹோவின் இணையதளமும் மெயிலும் உலகம் முழுவதும் பலருக்குத் திறக்கவில்லை. ஹேக்கிங் இல்லை, சர்வர் கோளாறு இல்லை. அதன் டொமைன் பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த டியராநெட் என்ற அமெரிக்க நிறுவனம், ஃபிஷிங் புகார்கள் வந்ததாகச் சொல்லி அந்தப் பெயரையே முடக்கிவிட்டது. ஸோஹோ மெயிலைப் பயன்படுத்தி யாரோ சிலர் மோசடி மெயில் அனுப்பியதாகப் புகார். வந்த புகார்கள் மூன்றே மூன்று, அதில் இரண்டின் மேல் ஏற்கெனவே நடவடிக்கை எடுத்தாயிற்று என்றது ஸோஹோ. அப்போது அதற்கு மூன்று கோடிக்கும் மேற்பட்ட பயனர்கள் இருந்தார்கள்.

நிறுவனத்தின் தலைவர் ஸ்ரீதர் வேம்பு, டியராநெட்டின் மேலிடத்தை எட்டிப் பிடிக்க ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியிருந்தது. சில மணி நேரத்தில் பெயர் மீட்கப்பட்டது. ஸோஹோ தன் டொமைனை கிளவுட்ஃபிளேருக்கு மாற்றிக்கொண்டது.

மூன்று கோடிப் பேரை வைத்திருக்கும் நிறுவனத்தின் தலைவருக்கு ட்வீட் போட்டுக் கதவைத் தட்ட முடிந்தது. ஜமுனாமரத்தூரில் ஒரு உழவர் குழுவின் மெயில் முடங்கினால் அவர்கள் யாருக்கு ட்வீட் போடுவார்கள்?

எஸ்எம்எஸ்ஸும் தப்பவில்லை

இதே நோய் செல்பேசியிலும் வந்தது. வணிக எஸ்எம்எஸ் தொல்லையை ஒழிக்க டிராய் 2018-ல் விதிமுறை கொண்டுவந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரையும், அனுப்பப்போகும் செய்தியின் வார்ப்புருவையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவில் உள்ளதோடு ஒத்துப்போகாத செய்தி தடுக்கப்படும். தொலைபேசி நிறுவனங்கள் இதை 2021 மார்ச் 8 அன்று முழுமையாக அமல்படுத்தின. அன்றே நாடு முழுவதும் ஓடிபி நின்றது. வங்கிப் பரிமாற்றம், ஆதார், இணைய வர்த்தகம் எல்லாம் தடுமாறின. 60 வயதைக் கடந்தவர்களுக்கு கொரோனா தடுப்பூசி தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கோவின் பதிவுக்கான ஓடிபியும் சிக்கியது.

மறுநாளே டிராய் அந்த வடிகட்டலை ஏழு நாளைக்கு நிறுத்தி வைத்தது. அதே மாத இறுதியில், விதியைப் பின்பற்றாத 40 நிறுவனங்களின் பட்டியலை வெளியிட்டது. பெரிய வங்கிகளும் அதில் இருந்தன. ஆக, தப்பு வங்கிகளிடம். தவித்தது வாடிக்கையாளர். ஸ்பேம் தடுப்பில் எப்போதும் இப்படித்தான். விதியை மீறுபவர் ஒருவர், தண்டனை இன்னொருவருக்கு.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரே நாளில் நின்றதால் நாடே கத்தியது, ஒரே நாளில் சரியானது. மெயிலில் ஒருவர் ஒருவராகத்தான் நிற்கிறது. அது யார் காதிலும் விழுவதில்லை.

புத்தாண்டு அன்று வந்த வினை

வடிகட்டிகள் எவ்வளவு அற்பமான காரணத்துக்காகத் தப்பு செய்யும் என்பதற்கு இரண்டு புத்தாண்டுகள் சாட்சி.

ஸ்பேம்அசாசின் என்பது உலகெங்கும் மெயில் சர்வர்களில் பயன்படும் இலவச மென்பொருள். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் மதிப்பெண் போடும். வழக்கமான அமைப்பில் 5 மதிப்பெண் சேர்ந்தால் ஸ்பேம். பழைய நிரலில் ஒரு விதி இருந்தது. 2010 அல்லது அதற்குப் பிந்தைய தேதியோடு மெயில் வந்தால், ‘எதிர்காலத்திலிருந்து வருகிறது, சந்தேகம்’ என்று மதிப்பெண் கூட்டு. எழுதிய காலத்தில் அது புத்திசாலித்தனம். 2010 ஜனவரி 1 விடிந்தபோது உலகத்தில் எழுதப்பட்ட ஒவ்வொரு மெயிலும் ‘எதிர்கால’ மெயிலாகிவிட்டது. அமைப்பைப் பொறுத்து 2-லிருந்து 3.5 மதிப்பெண் வரை சும்மாவே ஏறியது. வாழ்த்து அனுப்பியவர்கள் பாதி ஸ்பேமர்கள் ஆனார்கள்.

2022 ஜனவரி 1 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் முறை. அதன் வைரஸ் தடுப்புப் பகுதி தேதியை ஒரே எண்ணாக எழுதிவைக்கும். 2022 பிறந்ததும் 2201010001 என்று வந்த எண், அதற்கு ஒதுக்கிய இடத்தில் கொள்ளக்கூடிய 2147483647-ஐத் தாண்டிவிட்டது. சோதிக்கும் பகுதி விழுந்தது. சோதிக்காமல் எதையும் உள்ளே விடுவதில்லை என்பதால், பல நிறுவனங்களில் மெயில்கள் வரிசையில் தேங்கி நின்றன.

தமிழுக்கும் இந்த வகையில் ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் மெயில்கள் டிஸ்கி போன்ற எழுத்துருக் குறியீடுகளில் போய்க்கொண்டிருந்தன. தலைப்பு வரியில் முறைப்படி குறியேற்றாமல் அந்த எழுத்துகளை அப்படியே போட்டால், சர்வரின் கண்ணுக்கு அது குப்பை. தலைப்பில் ‘சட்டவிரோத எழுத்துகள்’ அதிகம் இருந்தால் மதிப்பெண் கூட்டும் விதியும் ஸ்பேம்அசாசினில் இருந்தது. அம்மாவுக்கு நலம் விசாரித்துத் தமிழில் தலைப்பிட்டவர், சட்டவிரோத எழுத்துகளை அனுப்பியவர் ஆனார்!

2024-க்குப் பிறகு என்ன மாறியது?

2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் ஒரே நேரத்தில் விதிகளை இறுக்கின. மெயில் அனுப்பும் டொமைன், தன் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும். இதற்கு மூன்று கருவிகள். எஸ்பிஎஃப், இந்த டொமைனுக்காக மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்று அறிவிக்கும் பட்டியல். டிகேஐஎம், கடிதத்தில் போடும் மின்னணு முத்திரை. டிமார்க், இவை ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம். பெறுபவர்கள் ஸ்பேம் என்று புகார் செய்யும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் தன் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு இதே மாதிரி விதி கொண்டுவந்தது.

இது நல்ல மாற்றம். தெருவைப் பார்த்து முடிவெடுப்பதை விட அடையாள அட்டையைப் பார்த்து முடிவெடுப்பது மேல். ஆனால் அட்டை எடுக்கத் தெரிய வேண்டும். ஊர்ப்பக்கம் பல நிறுவனங்களுக்கு இணையதளத்தைச் செய்து கொடுத்தவர் எப்போதோ போய்விட்டார். டொமைனின் பாஸ்வேர்டு யாரிடம் என்றே தெரியாது. இன்னும் சிலர், இணையதளத்தின் படிவத்திலிருந்து போகும் மெயிலில் அனுப்புநராகத் தங்கள் ஜிமெயில் முகவரியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஜிமெயில் முகவரி, ஆனால் வருவதோ வேறு ஏதோ சர்வரிலிருந்து. ஆள்மாறாட்டத்தின் இலக்கணமே அதுதான். கூகுள் அதை ஸ்பேமில் தள்ளினால் குறை சொல்ல முடியாது.

பழைய கல்லூரி முகவரிக்கு வருவதைத் தானாக ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும் ‘ஃபார்வர்டு’ ஏற்பாட்டிலும் கண்ணி உண்டு. கடைசியாகக் கொண்டுவந்து கொடுப்பது கல்லூரியின் சர்வர். அதன் பெயர் அனுப்பியவரின் எஸ்பிஎஃப் பட்டியலில் இருக்காது. டிகேஐஎம் முத்திரை இருந்தால் பிழைக்கும். இல்லையென்றால் ஸ்பேம்.

காவலூரும் ஒப்புகை அட்டையும்

இதே ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டப் பக்கம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் காட்டிய பதிவுகளில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கிப் பதிவும் ஒன்று. அந்தக் காலத்தில் உலக வானியலாளர்கள் அவசரச் செய்திகளைத் தந்தியில் பரிமாறிக்கொண்டார்கள். இன்று அவையெல்லாம் மெயிலில் வருகின்றன. சர்வதேச வானியல் ஒன்றியத்தோடு இணைந்த அமைப்பு ஒன்றுக்கு இப்போதும் ‘வானியல் தந்திகளுக்கான மத்திய நிலையம்’ என்றே பெயர், அது அனுப்பும் மெயில்களுக்கு ‘மின்னணுத் தந்தி’ என்று பெயர். வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. இந்தியாவில் தந்தி 2013 ஜூலையில் முடிந்தது.

பதிவுத் தபாலோடு ஒரு சின்ன மஞ்சள் அட்டையைக் கட்டி அனுப்பும் வழக்கம் நினைவிருக்கும். பெறுபவர் கையெழுத்துப் போட்டால் அட்டை அனுப்பியவருக்குத் திரும்பி வரும். ஒப்புகை அட்டை. 2025-ல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். ஆனால் சேர்ந்ததற்குக் கையெழுத்து வேண்டும் என்ற யோசனை அஞ்சல் துறையை விட்டுப் போகவில்லை. மின்னஞ்சலுக்கு மட்டும் அப்படி ஒன்றைக் கட்டாயமாக்க யாருக்கும் தோன்றவில்லை. 250 வந்துவிட்டால் போதும் என்று இருந்துவிட்டோம்.

சரி, என்ன செய்யலாம்?

வாசகர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். முக்கியமான பதிலுக்குக் காத்திருந்தால் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஜிமெயிலில் அங்கே கிடப்பது 30 நாளில் தானாக அழிந்துவிடும். நல்ல மெயில் கிடந்தால் ‘ஸ்பேம் இல்லை’ என்று குறியுங்கள், அனுப்பியவரின் முகவரியைத் தொடர்புகளில் சேர்த்துவிடுங்கள். வடிகட்டி அதிலிருந்து கற்றுக்கொள்ளும். மெயிலை பிஓபி முறையில் கணினி மென்பொருளில் இறக்கிப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஸ்பேம் பெட்டி அந்த வழியில் இறங்கவே இறங்காது. பிரவுசரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் மொத்தச் சுமையையும் மாணவியின் தலையில் வைப்பது நியாயமில்லை. ஸ்பேம் பெட்டி என்று ஒன்று இருப்பதே அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கணக்கைத் திறந்தது அவரும் இல்லை. மின்னஞ்சலைக் கட்டாயமாக்கியது நிறுவனம், அதனால் வேலை மிச்சமானதும் நிறுவனத்துக்கு. அப்படியென்றால் சேர்ந்ததா என்று பார்க்கும் வேலையும் அங்கேதான் இருக்க வேண்டும். கெடு வைத்து ஒருவரின் இடத்தையோ பணத்தையோ உரிமையையோ பறிக்கக்கூடிய எந்தக் கடிதத்துக்கும், மெயில் அனுப்பியதை மட்டும் ஆதாரமாகக் காட்டிக் கதவை மூடக் கூடாது. சட்டத்தின் 13-வது பிரிவு 2000-ல் எழுதப்பட்டது. கடிதம் அமைப்புக்குள் நுழைந்தும் ஆளின் கண்ணில் படாமல் போகும் என்பது அன்று இவ்வளவு பெரிய பிரச்சினையில்லை. இன்று அதைத் திருத்திப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

திருத்தம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மெயிலில் ‘கிடைத்தது’ என்று அழுத்த ஒரு இணைப்பு வைத்தால் போதும். 2,000 பேருக்கு அனுப்பி, மூன்று நாளில் 60 பேர் அழுத்தவில்லை என்றால், அந்த 60 பேரின் விண்ணப்பத்திலும் செல்பேசி எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதுவும் சிவப்பு நட்சத்திரம் போட்டதுதான். அலுவலகத்தில் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் மாலை டீக்குள் 60 பேரையும் கூப்பிட்டு முடித்துவிடலாம். மலையில் சிக்னல் இல்லாமல் நாலு பேர் கிடைக்காமல் போனால், அந்த நாலு பேருக்கு விரைவுத் தபால்.